லிஃப்ட் கேள்விகள்: கதவையும் பிரேக்கையும் பாருங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்து சர்வீஸ் சூப்பர்வைசராக ஓய்வுபெற்ற ஒருவர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

அம்மாவுக்கு 72 வயது. நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் போகும்போது கிரீச் என்று ஒரு சத்தம் வருகிறது. ரோப் அறுந்து விழுந்துவிடும் என்று பயந்து படியில் ஏறி இறங்குகிறார். மூட்டுவலி அதிகமாகிவிட்டது. எப்படிப் புரியவைப்பது?
வாசகி, மடிப்பாக்கம்

அம்மாவைக் கூட்டிப்போய் லிஃப்ட்டில் ஏற்றுங்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் பெட்டியின் இரண்டு பக்கமும் தண்டவாளத்தை ஒட்டி ஓடும் கைடு ஷூ தேய்ந்ததாலோ, எண்ணெய் இல்லாமல் காய்ந்ததாலோ வருவது. மெக்கானிக்கிடம் சொன்னால் அடுத்த சர்வீஸிலேயே சரி செய்துவிடுவார்.

ரோப் விஷயம். உங்கள் லிஃப்ட் ஒரே ஒரு ரோப்பில் தொங்கவில்லை. சாதாரணமாக மூன்று, நான்கு எஃகு ரோப் இருக்கும். ஒவ்வொன்றுமே தனியாக முழு எடையையும் தாங்கக்கூடியது. அத்தனையும் போனால்கூடப் பெட்டி நேராகக் கீழே போய் விழாது. வேகம் அளவை மீறியதும் கவர்னர் என்ற சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதோடு இணைந்த கம்பி இழுபட்டு, பெட்டிக்கு அடியில் உள்ள எஃகுத் தாடைகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். எலிஷா ஓட்டிஸ் 1854-ல் நியூயார்க் பொருட்காட்சியில் ஒரு மேடைமேல் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை எல்லோர் கண்முன்னும் வெட்டச் செய்தார். மேடை சில அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. கயிறு போனால் பெட்டி தானே தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற அந்த ஏற்பாடுதான் இன்றைக்கு உங்கள் வீட்டு லிஃப்ட் வரைக்கும் வந்திருக்கிறது.

1945-ல் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் 75 மாடி விழுந்தது உண்மை. அதற்குக் காரணம், பனிமூட்டத்தில் வழி தெரியாமல் ஒரு ராணுவ விமானம் வந்து கட்டடத்தில் மோதியது. அதிலும் உள்ளே இருந்த லிஃப்ட் ஆபரேட்டர், பெட்டி லூ ஆலிவர் (Betty Lou Oliver) என்ற பெண், உயிர் பிழைத்தார்.

என்னுடைய சர்வீஸில் நான் பயந்தது ரோப்பைப் பார்த்து அல்ல. வெளிக்கதவையும் பிரேக்கையும் பார்த்துத்தான். பெட்டி வராமலேயே கதவு திறந்துகொள்ளும் லிஃப்ட், கதவு மூடாமலேயே நகரும் லிஃப்ட், இந்த இரண்டும்தான் ஆளைக் கொல்பவை. இதைத்தான் எல்லாக் கேள்விகளுக்கும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லப்போகிறேன். அம்மாவுக்கும் ஒன்றே ஒன்று சொல்லிவையுங்கள்: கதவு திறந்ததும் பெட்டி இருக்கிறதா என்று ஒரு கணம் கீழே பார்த்துவிட்டுக் காலை வைக்கட்டும். போனைப் பார்த்துக்கொண்டு ஏறும் இளவட்டங்களுக்கும் இதே வார்த்தைதான்.

எங்கள் குடியிருப்பில் 20 வீடுகள், ஒரு லிஃப்ட். போட்டு 14 வருடம் ஆகிறது. கம்பெனியின் ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்த) கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. பாதித் தொகைக்குச் செய்து தருவதாக வெளி ஆள் ஒருவர் வந்து பேசுகிறார். "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு இவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று மீட்டிங்கில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?
அசோசியேஷன் செகரட்டரி, அம்பத்தூர்

முதலில் பழைய சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள் சார். மாதா மாதம் "லிஃப்ட் வொர்க்கிங் ஓகே" என்று ஒரு வரி, கீழே வாட்ச்மேன் கையெழுத்து. அவ்வளவுதான் இருக்கிறது என்றால் நீங்கள் கொடுத்த பணத்துக்கு அந்த ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. பெரிய கம்பெனியாக இருந்தாலும், தனி ஆளாக இருந்தாலும், என் கேள்வி ஒன்றுதான்: வந்த மெக்கானிக் எங்கெல்லாம் போனார்? மெஷின் ரூம், பெட்டியின் மேல்தளம், அடியில் உள்ள பிட் என்ற குழி, ஒவ்வொரு மாடிக் கதவு. இந்த நான்கு இடத்துக்கும் போய்வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கால்மணி நேரத்தில் வந்து போனவர் கிரவுண்ட் ஃப்ளோரில் பட்டனை அழுத்திப் பார்த்திருப்பார்.

அடுத்த முறை அவர் வரும்போது நீங்களும் கூடவே மெஷின் ரூமுக்குப் போங்கள். எதையும் தொட வேண்டாம். பார்த்தால் போதும்.

முதலில் பிரேக்கைக் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரை ஒட்டி ஒரு டிரம், அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரண்டு ஷூ. கரண்ட் வந்தால்தான் இது திறக்கும். கரண்ட் போனால் ஸ்பிரிங் தானே இறுக்கிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்தாலோ, கியர் பாக்ஸிலிருந்து கசியும் எண்ணெய் டிரம்மில் பட்டாலோ ஸ்பிரிங் இறுக்கியும் பலனில்லை, வழுக்கும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிரேக் பிடிக்காவிட்டால் லிஃப்ட் கீழேதான் வரும் என்று நினைக்கிறோம். பெட்டிக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் கவுன்டர் வெயிட், பெட்டியின் எடையோடு முழு லோடில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்த கனம் உள்ளது. ஒருவரோ இருவரோ மட்டும் ஏறியிருந்தால் எதிர்ப்பக்கம்தான் கனம். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டினால் கனமான வாளி இறங்க, லேசான வாளி மேலே ஏறுகிற மாதிரி, பெட்டி மேல்நோக்கி ஓடும். பழைய லிஃப்ட் பலவற்றில் தண்டவாளத்தைக் கவ்வும் தாடைகள் கீழே இறங்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். மேலே ஓடும் பெட்டியைப் பிடிக்க அந்தப் பிரேக்கை விட்டால் வேறு நாதியில்லை.

அடுத்து ரோப். கப்பியின் பள்ளங்களைப் பாருங்கள். ரோப்பிலும் சுற்றுமுற்றும் செங்கல் பொடி போலச் சிவப்பாகத் தூள் படிந்திருந்தால், உள்ளே இருக்கும் கம்பிகள் காய்ந்து ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன என்று அர்த்தம். நான்கு ரோப்பில் ஒன்று மட்டும் பள்ளத்தில் மற்றதைவிட ஆழமாக உட்கார்ந்திருந்தால் இழுவை சமமாக இல்லை. ரோப் மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். "இப்போதைக்கு ஒன்று மட்டும் மாற்றிவிடலாம்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, கன்ட்ரோல் பேனல். இதுதான் எனக்கு முக்கியம். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டு, அந்தப் பூட்டு விழுந்தால்தான் தொடும் ஒரு கான்டாக்ட். எல்லாக் கதவின் கான்டாக்ட்டும் வரிசையாகச் சேர்ந்தால்தான் லிஃப்ட் நகரும். ஒரு கதவு சரியாக மூடவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, எங்கே பிழை என்று தேட வேண்டும். தேடும்போது பேனலில் இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு விரல் நீளத்துக்கு வயரைப் போட்டு அந்தக் கான்டாக்ட்டைத் தாண்டவைத்துப் பார்ப்பது உண்டு. ஜம்பர் என்பார்கள். பிழையைக் கண்டுபிடித்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் போய்விட்டால் லிஃப்ட் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஓடும். குடியிருப்பவர்களுக்கு லிஃப்ட் "ரிப்பேர் ஆகிவிட்டது", சந்தோஷம். மறுநாள் காலை யாரோ ஒருவர் பெட்டிக்குள் ஒரு காலை வைக்கும்போது பெட்டி கிளம்பும். லிஃப்ட் விபத்துச் செய்திகளில் "கதவு திறந்திருந்தது, பெட்டி இல்லை" என்று படிக்கும் போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது அந்த வயர்தான்.

ஆகவே மெக்கானிக்கிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: "பேனலில் ஜம்பர் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்." நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். அவருக்கும் அது பாதுகாப்பு.

சரி, வெளி ஆள் விஷயம். வெளி ஆள் என்பதற்காகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனியில் தொழில் கற்றுக்கொண்டு தனியாக வந்த அருமையான ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கன்ட்ரோலர் போர்டுக்கு உதிரிபாகம் அவரால் வாங்க முடியுமா, ராத்திரி பத்து மணிக்கு ஆள் மாட்டிக்கொண்டால் யார் வருவார், அவருடைய ஆட்களுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் உதிரிபாகமும் சேர்த்தா, கூலி மட்டுமா என்பதையும் படித்துப் பாருங்கள். பாதித் தொகை என்பது பல சமயம் கூலி மட்டும். ரோப்பும் பிரேக் லைனிங்கும் கதவு ரோலரும் தனிக் கணக்கு. 14 வருட லிஃப்ட்டில் அவை வரிசையாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு மீட்டிங்கில் பேசுங்கள்.

இன்னொன்று. உங்கள் மெஷின் ரூமில் பழைய பெயின்ட் டப்பா, கொலு படி, உடைந்த சைக்கிள் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கதவு பூட்டியிருக்கட்டும். மே மாத வெயிலில் மொட்டை மாடி மெஷின் ரூமுக்குள் நின்று பார்த்தால் தெரியும், எலெக்ட்ரானிக் போர்டுகள் ஏன் கோடையில் போகின்றன என்று.

லிஃப்ட் சில நாட்களாகத் தரைமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ நிற்கிறது. மாமனார் தடுக்கி விழப் பார்த்தார். வாட்ச்மேன் "பழகிக்கொள்ளுங்கள்" என்கிறார்.
வாசகி, கோவை

பழகிக்கொள்ளக் கூடாது அம்மா. லிஃப்ட் தரைமட்டம் தவறி நிற்பது பெரும்பாலும் பிரேக் தேய்ந்ததன் முதல் அறிகுறி. ஆள் அதிகம் ஏறினால் ஒரு அளவு, காலியாக இருந்தால் வேறு அளவு என்று மாறி மாறி நின்றால் பிரேக் மேல் சந்தேகம் இன்னும் உறுதி. எல்லா மாடியிலும் எப்போதும் ஒரே அளவு தள்ளி நின்றால் ரோப் நீண்டிருக்கலாம். ஒரு மாடியில் மட்டும் என்றால் அந்த மாடியின் சென்சாரோ காந்தமோ நகர்ந்திருக்கும், அது சின்ன வேலை. எந்த மாடி, எத்தனை பேர், மேலே போகும்போதா கீழே வரும்போதா என்று இரண்டு நாள் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் வந்து சரிசெய்யும் வரை மாமனாரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கரண்ட் போய் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. வாட்ச்மேன் ஒரு சாவியைப் போட்டு வெளிக்கதவைத் திறந்து, எங்களைக் கையைப் பிடித்து இறக்கினார். உதவிதான் செய்தார். ஆனால் என் கணவர் அது தப்பு என்கிறார். யார் சொல்வது சரி?
வாசகி, திருச்சி

கணவர் சொல்வதுதான் சரி.

பெட்டி மாடிக்கு மேலே பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் மேல்பாதியில் பெட்டி, கீழ்ப்பாதியில் வெறும் இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பின்னால் லிஃப்ட் ஓடும் குழி. உள்ளே இருப்பவர் தரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் குதிக்கிறார். கால் வராந்தாவில் படும். உடம்பின் கனம் பின்னால் சாயும். சாய்ந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பெட்டிக்கு அடியில் உள்ள குழிக்குள் விழுவார். மாட்டிக்கொண்டதால் போன உயிரைவிட, அவசரமாக வெளியே வரப்போய்ப் போன உயிர்தான் அதிகம் என்பேன்.

இரண்டாவது ஆபத்து, இறங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பி வருவது. மெயின் சுவிட்சை அணைக்காமல் வெளிக்கதவில் சாவியைப் போடவே கூடாது.

முறையான வழி இது. இரண்டு பேர் வேண்டும், இருவரும் பயிற்சி எடுத்தவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் மெஷின் ரூமில் மெயினை அணைத்து, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக் கைச்சக்கரத்தால் பெட்டியை அருகில் உள்ள மாடிக்குக் கொண்டுவருவார். இன்னொருவர் கதவருகில் நின்று உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். மெஷின் ரூம் இல்லாத புது லிஃப்ட்களில் இதற்கான ஏற்பாடு வேறு. உங்கள் கம்பெனி ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல வழி ஏ.ஆர்.டி. என்ற தானியங்கி மீட்புக் கருவி. கரண்ட் போனால் பேட்டரியில் பெட்டியைப் பக்கத்து மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்துவிடும். பல கட்டடங்களில் ஏ.ஆர்.டி. இருக்கிறது, பேட்டரி செத்துக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை மெக்கானிக் இருக்கும்போதே மெயினை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு: மூச்சு முட்டாது. பெட்டியில் காற்றுக்கு வழி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அலாரத்தை அடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து காத்திருங்கள். கதவை விரலால் நெம்ப வேண்டாம். வாட்ச்மேனைத் திட்டவும் வேண்டாம். அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பயிற்சி கொடுக்காத அசோசியேஷனைத்தான் கேட்க வேண்டும்.

6 பேர், 408 கிலோ என்று போர்டு இருக்கிறது. பக்கத்து ஃபிளாட்டில் இன்டீரியர் வேலை நடக்கிறது. மணல் மூட்டை, டைல்ஸ் பெட்டி எல்லாம் லிஃப்ட்டில்தான் போகிறது. சொன்னால் "எடை கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுகிறோம்" என்கிறார் கான்ட்ராக்டர்.
வாசகர், வேளச்சேரி

நம் நாட்டில் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. 6 பேருக்கு 408. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ என்றால் எட்டு மூட்டை ஏற்றியதும் 400, கூட ஒரு ஆள் ஏறினாலே தாண்டிவிட்டது. டைல்ஸையும் கிரானைட்டையும் ஒரே மூலையில் சாய்த்து வைத்தால் எடை அளவுக்குள் இருந்தாலும் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து கைடு ஷூவைத் தின்றுவிடும்.

அதைவிட எனக்குக் கவலை மணல். கதவு ஓடும் வாசல் பள்ளத்தை, 'சில்' என்பார்கள், குனிந்து பாருங்கள். ஒரு ஜல்லி, ஒரு ஸ்க்ரூ போதும், கதவு முக்கால்வாசி மூடி நிற்கும். மறுபடி திறக்கும், மறுபடி இடிக்கும். பிறகு "கதவு டிரபிள்" என்று கம்ப்ளெயின்ட் போகும், யாரோ ஒரு மெக்கானிக் அவசரத்தில் ஜம்பர் போடுவார். மேலே சொன்ன கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மணலும் மூட்டையும் படி வழியாகவோ, வெளியே கட்டிய கப்பி வழியாகவோ போகட்டும் என்று அசோசியேஷன் விதியாகவே எழுதிவிடுங்கள். தினமும் கூட்டுகிற அம்மாவிடம் சில் பள்ளத்தைப் பழைய பிரஷ்ஷால் தள்ளிவிடச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ மட்டும் வேண்டாம்.

மழைக்காலத்தில் கிரவுண்ட் ஃப்ளோரில் தண்ணீர் புகும் ஏரியா எங்களுடையது. லிஃப்ட்டை என்ன செய்வது?
வாசகர், முடிச்சூர்

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையைச் சுற்றி லிஃப்ட் பிட்டுக்குள் தண்ணீர் நின்ற கட்டடங்கள் நிறைய. ரெட் அலர்ட் வந்த உடனே, தண்ணீர் வருமுன்பே, பெட்டியை இரண்டாவது மாடிக்கோ அதற்கு மேலோ கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மெயினை அணைத்துவிடுங்கள். கடைசி மாடியில் நிறுத்தினால் கவுன்டர் வெயிட் கீழே தண்ணீரில் நிற்கும், ஆகவே நடு மாடி நல்லது. தண்ணீர் வடிந்ததும் நீங்களே ஆன் செய்யாதீர்கள். பிட்டில் உள்ள சுவிட்ச், வயர், கவர்னர் ரோப்பின் கீழ்ச் சக்கரம் எல்லாம் நனைந்திருக்கும். மெக்கானிக் இறங்கிக் காயவைத்துப் பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும். சாதாரண நாளிலேயே பிட்டில் தண்ணீர் ஊறினால் கட்டடத்தின் வாட்டர் ப்ரூஃபிங்கைச் சரி செய்ய வேண்டும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பது தீர்வாகாது.

நான் கிரவுண்ட் ஃப்ளோர். லிஃப்ட்டில் ஏறுவதே இல்லை. பராமரிப்புப் பணம் ஏன் கொடுக்க வேண்டும்?
வாசகர், மதுரை

உங்கள் அசோசியேஷன் துணைவிதியில் பங்கு எப்படிப் பிரித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. என் கருத்தைக் கேட்டால், கொடுங்கள். லிஃப்ட் எல்லோருக்கும் பொதுவான சொத்து. பணம் குறைந்தால் முதலில் தள்ளிப்போவது பிரேக் லைனிங்கும் கதவு ரோலரும்தான்.

பில்டர் லிஃப்ட்டுக்கு எந்தப் பேப்பரும் கொடுக்கவில்லை. லைசென்ஸ் என்று ஒன்று உண்டா?
வாசகர், சேலம்

உண்டு. தமிழ்நாட்டில் 1997-ல் மின்தூக்கிகளுக்கென்றே சட்டம் வந்தது. லிஃப்ட் பொருத்த அனுமதியும், ஓட்ட உரிமமும் அரசின் மின் ஆய்வுத் துறையிடம் வாங்க வேண்டும். பில்டரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் பகுதி மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு அசோசியேஷன் பெயரிலேயே போய் விசாரியுங்கள். உரிமம் இருந்தால் அதன் காலாவதித் தேதியைக் குறித்துவையுங்கள். ஆய்வாளர் வந்து பார்ப்பதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். உங்களிடமும் கம்பெனியிடமும் பணம் வாங்காத ஒருவர் அந்த லிஃப்ட்டைப் பார்ப்பது அப்போது மட்டும்தான்.

பழைய கட்டடம். வெளியே கையால் இழுத்துத் திறக்கும் கதவு, உள்ளே மடக்கு கிரில் கேட். மகனுக்கு 7 வயது. தனியாகப் போகப் பழக்கலாமா?
வாசகி, தி.நகர்

வேண்டாம் அம்மா. கிரில் கேட்டின் கம்பிக்கு நடுவே குழந்தை கையோ காலோ நீட்டினால், போகிற போக்கில் சுவரிலும் தளத்திலும் நசுங்கும். இன்னொரு ஆபத்து கண்ணில் படாதது: வெளிக்கதவுக்கும் கிரில்லுக்கும் நடுவே உள்ள இடம். பெரியவர் அதில் நிற்க முடியாது. ஒல்லியான குழந்தை நிற்கும். இரண்டு கதவும் பூட்டிக்கொள்ளும், கான்டாக்ட் சேர்ந்துவிடும், மேலே யாராவது பட்டனை அழுத்தினால் பெட்டி கிளம்பிவிடும். இன்றைக்கே ஒரு டேப்பை எடுத்து அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். குழந்தை நுழைகிற அளவு இருந்தால், வெளிக்கதவின் உட்புறம் பலகையோ தகடோ அடித்து அதை நிரப்ப முடியும். மெக்கானிக்கைக் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக ஆணி அடிக்க வேண்டாம். பழைய பெட்டியையும் மெஷினையும் வைத்துக்கொண்டே கதவுகளை மட்டும் ஆட்டோமேட்டிக்காக மாற்றவும் பல கட்டடங்களில் வழி உண்டு. அடுத்த மீட்டிங்குக்கு முன்பு இரண்டு இடத்தில் எஸ்டிமேட் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.